உப்புத் தண்ணீரில் ஊறாத சிவப்பு

மகனே, உனக்கு சலாம். வெள்ளிக்கிழமை ஹமீது மச்சான் மதுரையில் விமானம் ஏறி ஷார்ஜாவுக்கு வருகிறார். சனிக்கிழமை உன் அறைக்கு வந்து ஒரு பையைத் தருவார். அதில் உன் உம்மா வைத்த கருவாடும் மாசி மீன்தூளும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும். அதையெல்லாம் அப்புறம் பிரித்துக்கொள். முதலில் இந்தக் காகிதத்தை வாசி. உன் வாப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஓமானில் கிடந்த காலத்தில்கூட உன் உம்மாவுக்கு நான்கு வரிக்கு மேல் எழுதியதில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியோடு நிறுத்திவிடுவேன், நீ 'சரி வாப்பா, சரி வாப்பா' என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் நீ வாசித்துத்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதை நினைத்துப் பார். "வாப்பா, பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாய். மீன் கிட்டங்கியில் குளிர் அளவை நீ மாற்றி வைத்துவிட்டுப் போனது, காலையில் ஒரு லோடு மீனும் கெட்டுக் கிடந்தது எல்லாம் சொன்னாய். "ஆனா கதவச் சரியாச் சாத்தாமப் போனது அந்த ரஃபீக்குன்னு எழுதிட்டாங்க வாப்பா. நான் வாயத் தொறக்கல. திங்கக்கெழமை விசாரிச்சுட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க. பாவம்தான், என்ன செய்ய?" என்றாய். அந்த ரஃபீக்கைப் பற்றி நீ முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாய். வங்காளதேசத்து ஆள், நாற்பது வயது, நோன்புக் காலத்தில் உனக்கும் சேர்த்து கஞ்சி வாங்கி வைத்தவர். நான் என்ன சொன்னேன்? "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீயும் சாப்பிட்டேன் என்றாய். வைத்துவிட்டோம். வேறு எந்த வாப்பாவாக இருந்தாலும் "ஏலே, உனக்கு நெஞ்சு இருக்கா?" என்று கேட்டிருப்பான். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. எந்த வாயால் கேட்பது என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ இப்போது போர்த்திப் படுக்கிற அந்த ஒட்டுத்துணிப் போர்வையை நினைத்துக்கொள். காலேஜ் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாய், ஷார்ஜாவுக்கும் எடுத்துப் போனாய். அதில் ஒரு ஓரத்தில் நீலக் கட்டம் ஒன்று இருக்கிறது, தையல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஒருமுறை அதைக் காட்டி, "வாப்பா, இத யாரு தைச்சா, கண்ணு தெரியாத ஆளா?" என்று கேட்டாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அது நான் செய்த ஈனத்தனம். அந்தக் கட்டத்தைத் தைத்தவன் பெயர் தில். நேபாளத்து மலைக்காரன். எனக்கு ஓமானில் கிடைத்த உயிர்ச் சிநேகிதன். உன்னிடம் அவனைப் பற்றி இத்தனை வருடமாக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் தைத்த தையற்கடையும் தில் வேலை பார்த்த சலவைக்கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம், ஒரு சுவர்தான் நடுவில். கடற்கரை ஊர். மணலில் சூடை மீன் காயப் போட்டிருப்பார்கள், காற்று வீசினால் நம் பெரியபட்டினத்து வாடைதான். எங்கள் அறையில் ஆறு கட்டில். என் கட்டில் ஏ.சி.க்கு நேர் கீழே. அணைத்தால் மற்றவர்கள் கத்துவார்கள், போட்டால் நான் விறைத்துப் போவேன். அதனால் கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, அடியில் பழைய விரிப்பு, நடுவில் கிழிந்த கம்பளி என்று மூன்று அடுக்காக வைத்து, மூன்றையும் சேர்த்துக் குத்துகிற ஊடுதையல் போட்டு ஒரு போர்வை தைத்தேன். ராமநாதபுரத்தில் தொழில் பழகிய காலத்திலேயே எனக்கு அது கைப்பழக்கம். தில் அதைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், பிச்சைக்காரன் போர்வையா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "போடா, உன் மூஞ்சிக்கு இது கூடக் கிடைக்காது" என்றேன். நாங்கள் பேசியது இந்தியும் மலையாளமும் அரபியும் கலந்த கடைப்பேச்சு, உனக்காக நம் பேச்சில் எழுதுகிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, நான் ஜும்மா தொழுதுவிட்டு வந்தால், அவன் பருப்பும் சோறும் ஆக்கி வைத்துவிட்டு ஊசி நூலோடு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறான். "எனக்கும் கத்துக் குடுங்க மாஸ்டர், என் மக குளிர்ல தூங்குறா" என்றான்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமைப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. அறையிலிருந்த லாரி ஓட்டுகிற கான் வந்தான், பாகிஸ்தான்காரன். சமையல்காரன் ஜோசப் வந்தான், கோட்டயத்துக்காரன். நம் ஊரில் டீக்கடையில் கானுடைய நாட்டைப் பற்றி எவ்வளவு வாய் கிழியப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கம். அங்கே கைபழக எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுப் போர்வை தைக்க வேண்டும், அதற்கு அவரவர் தன் வீட்டுப் பழந்துணியைக் கொண்டு வரவேண்டும் என்பது நான் வைத்த சட்டம். கான் தன் அண்ணனுடைய கிழிந்த சால்வையைக் கொண்டு வந்தான். ஜோசப் அவன் அப்பனின் வேட்டியைக் கொண்டு வந்தான். தில், தன் மகளுக்குச் சின்னதாகிப் போன நீலப் பள்ளிச் சீருடையை ஊரிலிருந்து வந்த ஒருவன் மூலம் வரவழைத்தான். நான் பொல்லாத வாத்தியார். தில்லின் தையல் சாய்ந்து சாய்ந்து போகும், பிரி என்பேன். பிரித்துத் தைப்பான், மறுபடி சாயும், மறுபடி பிரி என்பேன். நான்காம் தடவை, "மாஸ்டர், எங்க ஊர்ல வீடே சாய்ஞ்சுதான் நிக்கும்" என்றான். கான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இளகவில்லை. அது உப்பு. உனக்கே தெரியும், பரமக்குடிக் கைத்தறிப் புடவை வாங்கி வந்தால் உன் உம்மா முதலில் என்ன செய்வாள்? சாயம் போகாமல் நிற்க, ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஊற வைப்பாள். பிறகு ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து பார்ப்பாள். கறை ஒட்டாவிட்டால்தான் உடுத்துவாள். அதையேதான் நான் அங்கே முதல் பாடமாக வைத்தேன். புதுச் சாயத்துணி எதுவானாலும் உப்பில் ஊறாமல் கத்திரி வைக்கக் கூடாது. லீவு முடிந்து போகும்போதெல்லாம் உன் உம்மா வாலிநோக்கம் கல்லுப்பு ஒரு பொட்டலம் என் பெட்டியில் வைப்பாள். "அரபு நாட்டில் உப்பு கிடையாதோ?" என்று ஜோசப் கேலி செய்வான். 'உப்பு மாஸ்டர்' என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

உம்மு சாலிம் என்று ஒரு அம்மா, அந்த ஊர்க்காரர், எங்கள் கடைக்கு வாடிக்கை. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த எங்கள் போர்வையைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு கடைக்குள் வந்து, "இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்றார். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு கடைக்கதவை விரியத் திறந்து வைத்து, அவருக்கும் அவர் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். என்னைவிட மூத்தவர், வாத்தியாரைக் கூப்பிடுவது போல என்னை 'உஸ்தாத்' என்று கூப்பிட்டார். பேரீச்சம்பழமும் ஹல்வாவும் வரும், அதில் பாதி தில்லுக்கு என்று அவரே சொல்லி அனுப்புவார், ஏனென்றால் தைத்ததையெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுத் தருபவன் அவன். 'உன் பெண்ணை நன்றாகப் படிக்க வை' என்று அவனுக்கு அரபியில் சொல்வார், அவன் புரிந்த மாதிரி தலையாட்டுவான். நீ சொல், மகனே, ஊர் விட்டுப் போன ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் வாழ்க்கையில் நான் மதிப்பாக இருந்த காலம் அது ஒன்றுதான்.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. இறந்துபோன தன் தாயின் துணிகளை ஒரு மூட்டையாகக் கொண்டு வந்தார். அதில் அந்தத் தாய் தொழும்போது போட்டுக்கொண்ட வெள்ளைத் துப்பட்டி இருந்தது, நம் வீட்டில் உன் உம்மா போடுவது போலவே. அது நடுவில் வரவேண்டும், சுற்றிலும் சிவப்புக் கரை வரவேண்டும், மகள் அதைக் கொண்டு புகுந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். நான் அப்போது லீவுக்கு ஊருக்கு வரவிருந்தேன். "எங்க ஊருச் செவப்பு கொண்டாரேன், அது மாதிரி எங்கயும் கிடைக்காது" என்றேன். "சாயம் போகாதே, உஸ்தாத்?" என்று கேட்டார். "எங்க ஊரு சாயமா? போகவே போகாது" என்றேன். அந்த மாதம்தான் உன்னைக் காலேஜில் சேர்த்துவிட்டு, பரமக்குடியில் இரண்டு சிவப்புப் புடவை வாங்கினேன். ஒன்று உன் உம்மாவுக்கு, ஒன்று அந்தக் கரைக்கு. உன் உம்மா தன்னுடையதை அன்றைக்கே உப்பில் போட்டுவிட்டாள். "இதயும் போட்டுரவா?" என்று கேட்டாள். பெட்டி கட்டியாயிற்று, அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

போய் இறங்கினால் கல்யாணத்தை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்களாம். நேரம் இல்லை என்று உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி இல்லாமலா போயிற்று? இருந்தது. ஆனால் அந்த அம்மாவும் மகளும் தினமும் கடைக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகவே போகாது என்று மார்தட்டிவிட்டு, அவர்கள் கண்முன்னால் வாளியில் ஊறப் போட எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே வெட்டினேன், அப்படியே தைத்தேன். என் கையால் நான் தைத்ததிலேயே அழகான போர்வை அதுதான். தைத்து முடித்து, வெட்டுவதற்குப் போட்ட சாக்குக்கட்டிக் கோடெல்லாம் போகவேண்டும் என்று துவைக்கக் கொடுத்தேன். தில் அதை வாங்கிக்கொண்டு, சிவப்பைத் தடவிப் பார்த்து, "மாஸ்டர், உப்பு ஆச்சா?" என்று கேட்டான். நான் தலை நிமிராமல், "ஆச்சு ஆச்சு, போட்டுரு" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஈரக் கையோடு வந்து நின்றான். "மாஸ்டர், வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தேன். அந்தத் தாயின் வெள்ளைத் துப்பட்டி முழுக்க இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஊறிக் கிடந்தது. எத்தனை தண்ணீர் அலசியும் போகவில்லை. முதலாளி வந்தார். "யாருடா துவைச்சது?" என்றார். "நான்" என்றான் தில். "வெந்நீர்ல போட்டியா?" என்றார். "இல்ல, பச்சத் தண்ணி" என்றான். "மாஸ்டர், துணியில கோளாறா?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். மகனே, அந்த நேரத்தில் எனக்கு விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது, நீ காலேஜில் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஆனால் அதையெல்லாம் நினைத்துத்தான் சொன்னேன் என்று உன் தலையில் நான் கட்ட மாட்டேன். எனக்கு அப்போது நீயும் நினைவில் இல்லை, யாரும் நினைவில் இல்லை. வெட்கம் ஒன்றுதான் இருந்தது. "துணி நல்ல துணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உம்மு சாலிம் வந்து அந்தப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். ஒருவரையும் ஏசவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவர் வரவே இல்லை. தில்லை மூன்றாம் நாள் ஊருக்கு அனுப்பினார்கள். கான் தன் வண்டியில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகக் காத்திருந்தான். தில் ஒரு கையில் பெட்டியோடு என்னிடம் வந்தான். அவன் கோபமாக இருப்பான், காறித் துப்புவான் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருப்பேன். மெதுவாக, "மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உப்பு போட்டீங்கதானே?" என்றான். "போட்டேன் தில்" என்றேன். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "அப்ப என் கைதான் சரியில்ல" என்றான். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். அவன் என்னை நம்பினான், மகனே. அவன் மனதில் துளி சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமைப் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. யாராவது ஊசி எடுத்தால் நான் எரிந்து விழுந்தேன், அவர்களும் விட்டுவிட்டார்கள். நாலு பேரும் தைத்த கட்டங்களை ஒன்றாகச் சேர்த்த அந்தப் பொதுப் போர்வை என்னிடம் தங்கிவிட்டது. அடுத்த லீவில் நான் ஊருக்குக் கொண்டு வந்தபோதுதான் நீ அதை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாய். தில்லின் முகவரி ஜோசப்பிடம் இருந்தது. எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நான்கு வருடம் ஓட்டினேன். உனக்கு முதல் வேலைக்கு ஆர்டர் வந்ததே, நான் லீவில் ஊரில் இருந்தேன், உன் உம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானம்தான் ஜோசப் போன் செய்தான். வேலையில் கெட்ட பெயர் வாங்கியவன் என்று தில்லை எந்தச் சலவைக்கடையும் எடுக்கவில்லையாம். வேறொரு நாட்டில் கட்டட வேலைக்குப் போனானாம். சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான் என்றான். "ஏன் வாப்பா, ஸ்வீட் எடுக்கலயா?" என்று நீ தட்டை நீட்டினாய். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு கடற்கரைக்குப் போய்ப் படகு மறைவில் உட்கார்ந்து துப்பினேன். அவன் மௌத்துக்கு அழுகிற அளவுக்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து இன்று வரை ஒரு நாள் நான் முழுதாகத் தூங்கியதில்லை. என்னைச் சிடுமூஞ்சி என்று நீயும் உம்மாவும் சொல்வீர்கள். காரணம் இதுதான்.

இன்று காலையில் எல்லாவற்றையும் உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "இத்தன வருசமா இத வயித்துல வச்சுக்கிட்டா என்கூடச் சோறு தின்னீக?" என்று கேட்டாள்.  பிறகு, "நான் அன்னைக்கே அந்தத் துணிய உப்புல போட்டுருக்கணும், உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க" என்று அழுதாள். உன் ரஃபீக் விஷயத்தையும் சொன்னேன். எழுந்து போய் இந்தக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. அவன் எம் புள்ள. அவனும் இத வயித்துல வச்சுக்கிட்டுச் சோறு தின்ன வேணாம்" என்றாள். இதை எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், என்னைவிட்டால் உனக்கு யார் சொல்வார்கள்? இப்போது உனக்கு ஒன்றும் உறைக்காது. 'பாவம்தான், என்ன செய்ய' என்று நானும் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அது தாங்கும். அதற்குப் பிறகு நீ சிரிக்கிற நேரத்திலெல்லாம் அந்த மனிதனின் முகம் வரும். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகும், பிள்ளை பிறக்கும், அதற்கு வைக்கிற ஸ்வீட்டும் உன் வாயில் நிற்காது. அந்த ரஃபீக்குக்கும் ஒரு மகள் இருப்பாள், இல்லை யாராவது இருப்பார்கள். நீ திங்கட்கிழமை காலையில் மேலாளரிடம் போ. 'அளவை மாற்றி வைத்தது நான்' என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், சாக்குச் சொல்லாதே, அழாதே. பிறகு ரஃபீக்கிடமும் போய்ச் சொல். உன்னை ஏசினால் வாங்கிக்கொள்.

வேலை போனால் போகட்டும். 'வாப்பா, அனுப்பிட்டாங்க' என்று ஒரு போன் போடு. மதுரைக்கே வந்து நான் நிற்பேன், உன் பெட்டியை நானே தூக்குவேன். ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் வாப்பாவிடம் இன்னும் தையல் மெஷின் இருக்கிறது, நம் மூன்று பேருக்குக் கஞ்சிக்குப் பஞ்சம் வராது. அந்தப் போர்வையை மட்டும் மறக்காமல் எடுத்து வா.

இதை வாசித்து முடித்ததும் அந்த நீலக் கட்டத்தைக் கையில் பிடித்துப் பார். தையல் சாய்ந்திருக்கும், ஆனால் இத்தனை வருடத்தில், இத்தனை துவைப்பில், ஒரு நூல்கூட விடவில்லை. அவன் கையில் ஒரு குறையும் இல்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டியவன் நான். தில், நான் உப்பு போடவில்லை. இதோ, எழுதியே விட்டேன். ஆனால் இதைக் கேட்க அவன் இல்லை. உன் ரஃபீக் இருக்கிறார், மகனே. திங்கட்கிழமை வரைக்கும் அங்கேதான் இருக்கிறார்.